ஒரு சாயங்காலம் வந்தால் போதும் என்றார்கள்

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்கள் யாருக்காவது அடுத்த தேர்தல் நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வரலாம். ஓட்டு எண்ணும் இடத்தில் நம் வேட்பாளர் சார்பாக நின்று கவனிக்க ஆள் வேண்டும், ஒரு சாயங்காலம் வந்தால் போதும் என்று அதில் இருக்கும். எனக்கு 2025 ஏப்ரலில் வந்தது. குடியுரிமை வாங்கிய பிறகு வரும் முதல் தேர்தல், ஆசை ஆசையாக ஒத்துக்கொண்டேன். அந்த ஒரு சாயங்காலம் மே 3 அன்று தொடங்கி ஜூன் 4 அன்றுதான் முடிந்தது. இடையில் சம்பளம் போனது, தூக்கம் போனது, ஒரு நல்ல சிநேகிதி பேச்சை நிறுத்திவிட்டாள். இதெல்லாம் நடக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் தயாராகப் போயிருப்பேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எந்த வேட்பாளருக்காகப் போனேன் என்பதை மட்டும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் இதோடு மூடிவிட்டுப் போய்விடுவீர்கள். தேவையும் இல்லை, இரண்டு பக்கமும் நின்றவர்கள் பட்ட பாடு ஒன்றுதான்.

தொகுதியின் பெயர் பிராட்ஃபீல்ட். சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய பொறியாளர் ஜான் பிராட்ஃபீல்டின் பெயர். பாலத்தைத் தாண்டி வடக்கே ரயிலில் போனால் ரோஸ்வில், லிண்ட்ஃபீல்ட், கிலாரா, கார்டன், பிம்பிள் என்று ஒவ்வொரு நிலையமும் மரங்களுக்குள் ஒளிந்திருக்கும். பெரிய தோட்டம், பழைய செங்கல் வீடு, நல்ல பள்ளிக்கூடம். அந்த வீடுகளின் விலையைக் கேட்டால் ஊரிலிருப்பவர்கள் போனில் சுழியம் ஒன்று கூடிவிட்டதா என்று திருப்பிக் கேட்பார்கள். 1949-இல் தொகுதி உருவான நாளிலிருந்து லிபரல் கட்சியைத் தவிர வேறு யாரும் அதுவரை இங்கே ஜெயித்ததில்லை. முதல் உறுப்பினரே முன்னாள் பிரதமர் பில்லி ஹியூஸ். போட்டி என்ற ஒன்று இல்லாத இடம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2022-இல் நிக்கலெட் போலே என்ற சுயேச்சை வேட்பாளர் வந்து அந்த நினைப்பை ஆட்டிவைத்தார். பக்கத்துத் தொகுதியான வடக்கு சிட்னியில் அதே தேர்தலில் ஒரு சுயேச்சை ஜெயித்தே விட்டார். நீலப்பச்சைச் சட்டை போட்ட தொண்டர்களைத் தெருமுனைகளில் பார்த்திருப்பீர்களே, அந்தச் சுயேச்சைகளின் அலைதான்.

நான் குடியிருப்பது வில்லபியில், வாடகைக்கு, இரண்டு அறை அடுக்குமாடி வீடு. பணக்காரத் தொகுதியில் இருக்கிறாயே என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பையனின் பள்ளிக்கூடத்துக்காக வந்தோம், வாடகை கட்டி முடிப்பதற்குள் மாதம் முடிந்துவிடும். எங்கள் தெரு வடக்கு சிட்னி தொகுதியில்தான் இருந்தது. 2024-இல் எல்லை மாற்றியபோது, 1901-லிருந்து இருந்த அந்தத் தொகுதியையே கலைத்துவிட்டார்கள். வீடு நின்ற இடத்திலேயே நிற்க, நாங்கள் பிராட்ஃபீல்டுக்கு மாறிவிட்டோம். அடுக்கு மாடியில் பாதிப் பேருக்கு வாக்குச்சாவடி வாசலில் வந்து நின்ற பிறகுதான் இது தெரிந்தது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் எந்தத் தொகுதி என்று காட்டிவிடும். வீடு மாறியிருந்தால் அதே இடத்தில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தேர்தல் அறிவித்த பிறகு அதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. இந்த முறை மார்ச் 28 அன்று அறிவித்தார்கள், ஏப்ரல் 7 இரவு 8 மணிக்குப் பட்டியலை மூடிவிட்டார்கள். அறிவிப்பு வரட்டும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், பணக் கணக்குக்கு அது வேண்டும். மருந்தாளுநர். நிரந்தர வேலை இல்லை. எந்த மருந்துக்கடையில் ஆள் விடுப்போ அங்கே போய் நிற்பேன், நின்ற மணிநேரத்துக்குச் சம்பளம். போகாத நாளுக்கு ஒரு காசு வராது. மூத்த டாக்டர்கள் சிலர் இன்னும் கையால் எழுதித்தருகிறார்கள், அந்தக் கிறுக்கலை வாசித்துப் பழகிய கண் என்னுடையது. இதைக் கேட்டதும் பிரசாரக் குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே சந்தோஷம். "உங்களை மாதிரி ஆள்தான் வேண்டும்" என்றார். அன்றைக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

இங்கே இந்த வேலை பார்ப்பவரை ஸ்க்ரூட்டினியர் என்பார்கள். நம் ஊர்க் கணக்கில் வேட்பாளரின் முகவர். வேட்பாளர் கையெழுத்துப் போட்டு நியமிக்க வேண்டும், நீங்கள் ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், கொடுக்கும் அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். தேர்தல் ஆணையம் ஒரு பைசா தராது, கட்சிக்காரர்களும் தரமாட்டார்கள். வாக்குச்சீட்டைத் தொடக்கூடாது. எண்ணுகிறவரிடம் அரட்டை அடிக்கக்கூடாது. பார்க்கலாம், சந்தேகம் வந்தால் ஆட்சேபம் சொல்லலாம், அவ்வளவுதான் அதிகாரம். ஆணையமே இதற்கென்று ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. எங்களுக்கு அதைத் தரவில்லை. ஒரு பக்கத் தாளைக் கையில் திணித்து "போகப்போகப் பழகிவிடும்" என்றார்கள். பேருந்தில் போகும்போது கைபேசியில் அந்தக் கையேட்டைத் தேடிப் படித்துக்கொண்டேன். போகிறவர்கள் முதலில் அதைப் படியுங்கள். என்ன சொன்னால் ஆட்சேபம், என்ன சொன்னால் இடைஞ்சல் என்பது அதில்தான் தெளிவாக இருக்கிறது.

மே 3, சனிக்கிழமை. பள்ளிக்கூட வளாகத்தில் வாக்குச்சாவடி, வாசலில் சாசேஜ் சுடும் புகை, வேலி முழுக்க பிளாஸ்டிக் தட்டிகள், நாய்க்குட்டிகளோடு வரிசை. வள்ளியூரில் பந்தலும் போலீஸும் வெள்ளைக்கோடும் பார்த்து வளர்ந்த எனக்கு இது ஏதோ பள்ளி ஆண்டுவிழா மாதிரி இருந்தது. ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினார்கள். பிரதிநிதிகள் சபைக்கான தாள் பச்சை நிறம், செனட்டுக்கு வெள்ளை. இங்கே ஒருவரை மட்டும் தேர்ந்து குத்துவதில்லை, வேட்பாளர் எல்லோருக்கும் 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போட வேண்டும். பச்சையை மட்டும் பிரித்து எடுத்து விரித்து, யாருக்கு 1 என்று பார்த்து அடுக்கினார்கள். ஊதா அங்கி போட்ட ஊழியர்கள், பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். நான் நின்றுகொண்டே பார்த்தேன். உட்கார நாற்காலி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். வீட்டுக்கு வரும்போது இரவு பத்து மணி தாண்டிவிட்டது, கால் மரத்துப்போயிருந்தது. நாட்டில் யார் ஆட்சி என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. எங்கள் தொகுதியில் மட்டும் தெரியவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் குழப்பம் வரும். அங்கே காலையில் இயந்திரத்தைத் திறந்தால் மதியத்துக்குள் பட்டாசு வெடித்துவிடும். இங்கே அன்றிரவு எண்ணுவது ஒரு பகுதிதான். தபால் ஓட்டு, வேறு தொகுதியில் இருந்துகொண்டு போட்ட ஓட்டு, பட்டியலில் பெயர் காணாமல் உறைக்குள் வைத்துப் போட்ட ஓட்டு என்று பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். தபால் ஓட்டு வந்து சேர 13 நாள் அவகாசம். அதற்குள் அன்றிரவு எண்ணியதையெல்லாம் மறுபடி ஒரு தடவை சரிபார்ப்பார்கள். லிபரல் வேட்பாளர் ஜிசெல் கப்டேரியனும் போலேயும் மாறி மாறி முன்னே வந்தார்கள். ஒவ்வொரு நாள் மாலையும் குறுஞ்செய்தி, "நாளைக்கும் ஒருமுறை வரமுடியுமா?" அந்த "ஒருமுறை"தான் ஆபத்து. மொத்தமாக மூன்று வாரம் கொடு என்று கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். நாள் நாளாகக் கேட்டால் யாரால்தான் மறுக்க முடியும்? இத்தனை தூரம் வந்துவிட்டோம், இப்போது விட்டால் நான் நிற்காத மேசையில்தான் அந்த ஓட்டுப் போகும் என்று தோன்றும். கட்சி பேதமில்லாமல் அங்கே வந்த எல்லோருக்கும் இந்த நோய் இருந்தது.

முழு எண்ணிக்கை முடிந்து விருப்ப வரிசையெல்லாம் பிரித்த பிறகு வந்த வித்தியாசம் 8 ஓட்டு. கப்டேரியன் முன்னிலை. 100-க்குக் குறைவாக இருந்தால் யாரும் கேட்காமலேயே ஆணையம் மறு எண்ணிக்கைக்குப் போய்விடும். மே 26, திங்கட்கிழமை ஆரம்பம். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பச்சைத் தாள்கள், ஒவ்வொன்றாக, முதலிலிருந்து.

கிடங்கு மாதிரி ஒரு கூடம். மேசைக்கு இந்தப் பக்கம் ஊழியர், அந்தப் பக்கம் எங்கள் இரண்டு தரப்பு ஆட்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு. இந்தத் தொகுதியில் 8 பேர் போட்டியிட்டார்கள், ஆகையால் எட்டுக் கட்டத்திலும் 1 முதல் 8 வரை எண் போட்டிருக்க வேண்டும். கடைசி எண்ணுக்கான ஒரு கட்டத்தை மட்டும் விட்டால் மன்னிப்பார்கள். இரண்டு கட்டம் காலி என்றால் செல்லாது. ஒரே எண் இரண்டு முறை வந்தால் செல்லாது. டிக் அடித்தால் செல்லாது, பெருக்கல் குறி போட்டால் செல்லாது. இதெல்லாம் வாசிக்க எளிது. மேசையில் வந்து விழுவது வேறு. ஒரு தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பென்சிலில் அழுத்தி எழுதிய எண்கள், வயதானவர் கை என்று நடுக்கத்திலேயே தெரிந்தது. மேலிருந்து மூன்றாவது கட்டத்தில் ஒரு 1, தலையில் நீளமாக ஒரு சாய்வுக் கோடு. ஆறாவது கட்டத்திலும் கிட்டத்தட்ட அதே உருவம், சாய்வுக் கோடு ஒரு மயிரிழை அதிகம். ஒன்று 1, இன்னொன்று 7 என்று எடுத்துக்கொண்டால் செல்லும். எது எது? இரண்டுமே 1 என்றால் மொத்தமும் குப்பை. எதிர்த் தரப்புக்காரர் ஆட்சேபம் என்றார். ஊழியர் தாளை ஓரமாக எடுத்து வைத்தார். தொகுதி அலுவலர் வந்து பார்த்தார், அவர் சொன்னதை ஒரு பக்கம் ஏற்கவில்லை, மாநிலத் தேர்தல் அதிகாரியின் முடிவுக்கு ஒதுக்கினார்கள். இப்படி ஒதுக்கிய தாள்கள் அடுக்கு அடுக்காகச் சேர்ந்தன.

நாம் இந்தியாவில் 1 என்றால் நேராக ஒரு கோடு இழுத்துவிடுவோம், பிரச்சினை இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் 1-க்குக் கூரை மாதிரிக் கோடு போட்டு, 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவார்கள். குறுக்குக் கோடு இருந்தால் பிழைத்தார்கள், அவசரத்தில் விட்டிருந்தால் தகராறு. நம்மவர்களுக்கு 4-ம் 9-ம்தான் எமன். மேல் வாயை மூடிய 4 அப்படியே 9. எட்டுப் பேர் தொகுதியில் 9 வர வழியில்லை, தப்பியது. வேட்பாளர் கூட்டம் அதிகமுள்ள தொகுதியில் அந்த ஓட்டின் கதி என்னவோ. அதேபோல 3-ஐ 8 ஆக்கித் திருத்துவது, 5-ன் மேலேயே 6 எழுதுவது. இதெல்லாம் வேண்டவே வேண்டாம். தப்பு வந்தால் அந்தத் தாளைப் பெட்டியில் போடாமல் ஊழியரிடம் கொடுங்கள், புதுத் தாள் தருவார்கள். கேட்கச் சங்கடப்பட்டு அதையே அடித்துத் திருத்திப் போட்ட தாள்களை மணிக்கணக்காகப் பார்த்தவள் சொல்கிறேன்.

இன்னொன்று. ஆறாவது, ஏழாவது எண்ணெல்லாம் சும்மா நிரப்புவதற்குத்தானே என்று நான்கூட நினைத்திருந்தேன். குறைந்த ஓட்டு வாங்கியவரை நீக்கிவிட்டு அவருடைய தாள்களை அடுத்த எண்ணுக்குரியவரிடம் தள்ளுவார்கள், அவரும் நீங்கினால் அதற்கடுத்த எண். கடைசியில் இருவர் மட்டும் மிஞ்சும்போது, உங்கள் தாளில் அந்த இருவரில் யாருக்குச் சின்ன எண் என்பதுதான் கணக்கு. ஒருவருக்கு 7, மற்றவருக்கு 8 போட்டு இரண்டு பேரையும் வெறுத்திருந்தாலும், அந்த 7 முழு ஓட்டாக எண்ணப்படும். பாதி ஓட்டு கால் ஓட்டு கிடையாது. "யாரும் வேண்டாம்" என்று நினைத்து மேலிருந்து கீழே 1, 2, 3 என்று வரிசையாக எழுதிப் போனவர்களின் தாளும் ஏதோ ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தது. பிராட்ஃபீல்டின் முடிவு அப்படிப்பட்ட தாள்களிலும்தான் இருந்தது.

இனி பணக் கணக்கு. வேலை நாளில் எண்ணிக்கை, காலையிலிருந்து மாலைவரை. நான் விட்ட வேலை நேரத்தின் சம்பளம் நான்காயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. வண்டி நிறுத்தும் நேரம் முடிந்ததைப் பார்க்க வெளியே போக முடியாததில் நூறு டாலருக்கு மேல் அபராதம் ஒன்று. பையனைப் பள்ளி முடிந்து பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கூடுதல் கட்டணம். இதைவிட வலித்தது, நான் வழக்கமாகப் போகும் ஒரு கடையில் செவ்வாய்க்கிழமையை வேறொருவருக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மருந்து கொடுக்க ஆள் வேண்டுமே. ஓட்டுப் போடக் கட்டாயம் உண்டு, போடாவிட்டால் 20 டாலர் தண்டம். ஓட்டு எண்ணுவதைப் பார்க்கப் போகிறேன் என்பதற்குச் சம்பளத்தோடு விடுப்பு தர முதலாளிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இதை ஒத்துக்கொள்வதற்கு முன்னாலேயே கணக்குப் போடுங்கள்.

கூடத்தில் சுற்றிப் பார்த்தபோது எனக்கு உறைத்தது வேறு. என்னோடு நின்றவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். வக்கீல்கள், பேராசிரியர், வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். மடக்கு நாற்காலி, கம்பளிச் சட்டை, ஃபிளாஸ்கில் சூப்பு என்று முறையாக வந்திருந்தார்கள். எதிர்த் தரப்பில் என் பக்கத்தில் நின்ற பெரியவர் தினமும் இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்து எனக்கும் ஒன்று நீட்டுவார், அடுத்த நிமிடம் என் தரப்பு ஓட்டுக்கு ஆட்சேபம் சொல்வார். தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு நாளைக்கு வாடகை கட்டத் தேவையில்லை. பணக்காரத் தொகுதி என்றால் வீட்டு விலையை வைத்துச் சொல்கிறார்கள் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். வேலை நாளில் பகல் முழுக்க நின்று ஒரு தாளுக்காக வாதாட ஆள் இருக்கிறதே, அதுதான் நிஜமான வசதி. மேற்கு சிட்னியில் இதே 8 ஓட்டு வித்தியாசம் வந்திருந்தால் இரண்டு பக்கமும் இத்தனை வக்கீல்கள் திங்கட்கிழமை காலை வந்து நின்றிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். அதற்காக, முடியாதவர்கள் போகக்கூடாது என்று சொல்லவில்லை. முழு நாள் முடியாது, இந்த இந்த நேரம்தான் முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். வண்டி வாடகை, நிறுத்தக் கட்டணம் போன்ற செலவைத் தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். நான் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது, அன்பான நன்றிக் கடிதம் வந்தது.

ஊருக்குப் போன் பண்ணினால் அம்மாவுக்குக் கோபம். "ஏட்டி, சம்பளமில்லாத வேலைக்காக சம்பளமுள்ள வேலைக்கு லீவு போட்டியாக்கும்?" மாமா மட்டும்தான் புரிந்துகொண்டார். அவர் பல தேர்தல்களில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர். எங்கள் வள்ளியூர் இருப்பது ராதாபுரம் தொகுதியில். 2016-இல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் ஜெயித்ததும், தள்ளுபடி செய்த தபால் ஓட்டுகளை வைத்து வழக்கு நடந்ததும், 2019-இல் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னதும், எண்ணி முடித்த முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டதும் மாமாவுக்கு மனப்பாடம். "மருமவளே, உங்க ஊர்ல எட்டு ஓட்டுக்கு அவங்களே மறுபடி எண்ணுதாங்க. நம்ம ஊர்ல அதுக்குக் கோர்ட்டு வாசல்ல வருஷக்கணக்கா நின்னோம். நின்னு பாத்துட்டு வா" என்றார். அந்த வாரம் என்னைத் தாங்கியது அந்த ஒரு போன்தான்.

வீட்டில் இவர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது வாரத்தில் சோறு வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். சிநேகிதி விஷயம்தான் இன்னும் மனசைப் பிசைகிறது. இதே அடுக்குமாடியில் இருக்கும் தமிழ்ப்பெண், என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஆதரித்தது மற்றவரை. எங்கள் வாட்ஸாப் குழுவில் யாரோ, எண்ணும் இடத்தில் ஓட்டைத் திருடுகிறார்கள் என்று ஒரு செய்தியைத் தட்டிவிட, நான் அங்கேதான் நிற்கிறேன், ஒரு தாளைத் தொடவே விடமாட்டார்கள் என்று எழுதினேன். "உங்க ஆளுங்க வேற எப்படிச் சொல்வீங்க" என்று அக்கா பதில் போட்டார். அதோடு சரி. லிஃப்டில் பார்த்தால் கைபேசியைப் பார்க்கிறார். எண்ணிக்கை நடக்கும்போது குழுவில் ஒரு வரியும் எழுதாதீர்கள். உள்ளே பார்த்ததை வெளியே எழுதினாலும் சந்தேகம், எழுதாவிட்டாலும் சந்தேகம். எழுதாமலிருந்தால் லிஃப்டிலாவது பேசிக்கொள்ளலாம்.

ஜூன் 4 அன்று எண்ணி முடித்தார்கள். போலே 56,114, கப்டேரியன் 56,088. வித்தியாசம் 26. எட்டு ஓட்டில் தோற்றிருந்தவர் இருபத்தாறில் ஜெயித்தார், 1949-லிருந்து இருந்த கோட்டை போனது. 8 என்று வந்த இரவிலும் 26 என்று வந்த மாலையிலும், ஒரு நாள் நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், ஒரு நாள் பையனைத் தூக்கிக்கொண்டு ஆடினேன். எது எந்த நாள் என்று சொன்னால் கட்சி தெரிந்துவிடும். அழுதது அரசியலுக்காக மட்டும் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். வாரக்கணக்காக நின்ற கால், தூங்காத கண், வராத சம்பளம் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்கியது. முடிவு வந்த பிறகு ஒரு வாரம் எதிலும் மனசு ஒட்டவில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் முடிந்த மறுநாளே வேலைக்குப் போகாமல் ஒரு நாள் சும்மா படுத்திருப்பேன். ஏற்கெனவே இத்தனை நாள் போனதில் இன்னொரு நாள் போயிருக்கட்டும்.

ஓட்டுப் போடப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். தபால் ஓட்டுக்கான விண்ணப்பத்தைக் கட்சிகளே அச்சடித்து உங்கள் தபால் பெட்டியில் போடுவார்கள். பார்த்தால் அரசாங்கக் கடிதம் போலவே இருக்கும். அதை நிரப்பி அனுப்பினால் முதலில் கட்சிக்குப் போய் அதன் பிறகுதான் ஆணையத்துக்குப் போகும். நேரே ஆணையத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள், ஒரு சுற்று மிச்சம், உங்கள் விவரமும் கட்சியிடம் போகாது. தாள் வந்ததும் அன்றைக்கே நிரப்பி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்த்துவிடுங்கள். தேர்தல் நாள் மாலை 6 மணிக்குள் நிரப்பியிருக்க வேண்டும், 13 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஊருக்குப் போகிறோம், அங்கிருந்து அனுப்பலாம் என்று எண்ணுகிறவர்கள் நம் ஊர்த் தபாலை நம்பி இறங்க வேண்டாம். போவதற்கு முன் தேதி சரிப்பட்டால் முன்கூட்டியே போடும் மையத்தில் போட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, மாநிலத் தேர்தல் முறையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் 1 போட்டுவிட்டு வந்தாலும் ஓட்டு செல்லும். அந்தப் பழக்கத்தில் இந்தக் கூட்டாட்சி நாடாளுமன்றத் தேர்தலில் 1 மட்டும் போட்டுவிட்டு வந்தவர்களின் தாள்கள் செல்லாத கட்டில் தடிமனாக இருந்தன. அந்தக் கட்டைப் பார்த்தபோது வந்த எரிச்சல் எந்த ஆட்சேபத்துக்கும் வரவில்லை. தெளிவாக எழுதியிருந்தார்கள், யார் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை, எண்ணத்தான் முடியாது.

அந்த மாநிலத் தேர்தல் 2027 மார்ச்சில் வருகிறது. ஒருங்கிணைப்பாளர் இப்போதே விசாரித்துவிட்டார். வருகிறேன் என்றேன், சனிக்கிழமை இரவு மட்டும், பத்து மணிவரை, வண்டி நிறுத்தச் செலவு உங்களுடையது என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.